கொடுங்கோன்மைக்குப் பின் உரிமைப் பாடம்

ஒரு நாட்டில் கொடுங்கோன்மை எவ்வாறு வருகிறது என்பதை வரலாற்று நூல்கள் விரித்துக் கூறுகின்றன. அது எவ்வாறு நீங்குகிறது என்பதையும் கூறுகின்றன. நீங்கிய மறுநாள் பள்ளிக்கூடம் திறக்கும்போது ஆசிரியன் மாணவர் முன் நின்று என்ன சொல்ல வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் அவை மிகுதியாகப் பேசுவதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசு கலைக் கல்லூரிகளில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது இக்கேள்வியையே எடுத்துக்கொண்டேன். இதற்குரிய விடையில் ஒரு பாதியை என் ஆசிரியரிடமிருந்தும், மறு பாதியை என் மாணவி ஒருத்தியிடமிருந்தும் நான் கற்றேன். அவ்விரண்டையும் உங்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருப்பப்பட்ட பக்கம்

என் ஊர் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூர். 1976ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நான் ஒன்பதாம் வகுப்பு மாணவன். பக்கத்து ஊரிலிருந்த உயர்நிலைப் பள்ளிக்கு ஏரிக்கரை வழியே நடந்து செல்வோம். எங்கள் வரலாற்று ஆசிரியர் நல்லவர். பாடத்தைக் கதை போலச் சொல்வார். அன்று குடிமைப் பயிற்சிப் பகுதியில் அடிப்படை உரிமைகள் என்ற பாடம் வந்தது. ஆசிரியர் தலைப்பைப் பார்த்தார். வாசற்பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு, “இது தேர்வுக்கு வராது, பக்கத்தைத் திருப்புங்கள்” என்றார். நாற்பது பேரும் திருப்பினோம். தேர்வுக்கு ஒரு பாடம் குறைந்ததே என்று எங்களுக்கு மகிழ்ச்சிதான்.

அடுத்த ஆண்டு நாட்டில் தேர்தல் நடந்து ஆட்சி மாறியது. அதே ஆசிரியர் எங்களுக்கு அடுத்த வகுப்பினருக்கு அதே பாடத்தை அழகாக நடத்தினார். என் தம்பி வீட்டில் வந்து அதை ஒப்பித்துக் காட்டினான். ஏழு உரிமைகளையும் வரிசையாகச் சொன்னான். முந்தைய ஆண்டு அந்தப் பக்கம் ஏன் திருப்பப்பட்டது என்பதை மட்டும் அவனுக்கு எவரும் சொல்லவில்லை. எங்களுக்கும் சொல்லவில்லை.

நான் விரிவுரையாளரான பின், தொண்ணூறுகளில், ஒரு திருமண வீட்டில் அவரைச் சந்தித்தேன். பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் மறக்கவில்லை. “மூன்று பெண்களை வைத்துக்கொண்டிருந்தேன் தம்பி. யாராவது மேலிடத்துக்கு எழுதிப் போட்டால் வேலை போய்விடும் என்று பயம். அன்று பயந்ததை நான் தப்பென்று நினைக்கவில்லை. பயம் போன பிறகும், அன்று ஏன் திருப்பச் சொன்னேன் என்று உங்களிடம் சொல்லாமல் இருந்தேனே, அதுதான் தப்பு” என்றார்.

மனித உரிமைக் கல்வியைப் பற்றி நான் பின்னர் படித்த பல நூல்களைக் காட்டிலும் இச்சொற்கள் எனக்குத் தெளிவு தந்தன.

இருபத்தொரு மாதங்கள்

இன்றைய மாணவர்களுக்கு அக்காலத்தைச் சுருக்கமாகவேனும் கூறுதல் வேண்டும். 1975 ஜூன் 25ஆம் நாள் இரவு, அரசியலமைப்பின் 352ஆம் பிரிவின் கீழ், உள்நாட்டுக் குழப்பம் என்ற காரணம் காட்டிக் குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலையைப் பிறப்பித்தார். மத்திய அமைச்சரவைக்கு மறுநாள் காலையில்தான் செய்தி தெரிவிக்கப்பட்டது. ஜூன் 27ஆம் நாள் ஆணை ஒன்றினால் 14, 21, 22ஆம் பிரிவுகள் தரும் உரிமைகளுக்காக நீதிமன்றம் செல்லும் வழி அடைக்கப்பட்டது. செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உள்ளாயின. 1977 மார்ச் 21ஆம் நாள் நெருக்கடி நிலை விலக்கப்படும் வரையில் 1,10,000-க்கும் மேற்பட்டோர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும், பாதுகாப்பு விதிகளின் கீழும் சிறையிலிடப்பட்டனர்.

தமிழ்நாட்டில் முதல் ஏழு மாதங்கள் இதன் வேகம் சற்றுக் குறைவாகவே இருந்தது. 1976 ஜனவரி 31ஆம் நாள் மாநில அரசு கலைக்கப்பட்ட பின் நிலைமை மாறியது. கைதானவர்கள் சென்னை மத்திய சிறையில் தாக்கப்பட்டனர். சென்னை மேயராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கிய சிட்டிபாபு அவ்வாறு தாக்கப்பட்டவர்களுள் ஒருவர். 1977 ஜனவரியில் அவர் மறைந்தார். எங்கள் ஆசிரியர் வாசற்பக்கம் பார்த்தது அந்தப் பிப்ரவரியில்தான் என்பதை நினைவிற்கொள்க.

அண்டை மாநிலமான கேரளத்தில், கோழிக்கோடு மண்டலப் பொறியியற் கல்லூரி மாணவர் இராஜன் 1976 மார்ச் 1ஆம் நாள் காவல்துறையினரால் பிடித்துச் செல்லப்பட்டார். அவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. தந்தை ஈச்சர வாரியர் கல்லூரியில் இந்தி கற்பித்தவர். மகனைத் தேடி அவர் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. நெருக்கடி நிலை நீங்கிய பிறகே உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்ய அவரால் இயன்றது. அவ்வழக்கின் விளைவாக 1977 ஏப்ரலில் அம்மாநில முதலமைச்சர் பதவி விலக நேர்ந்தது.

நாட்டின் உச்ச நீதிமன்றம் என்ன செய்தது? காரணமின்றிச் சிறையிலிடப்பட்டவன் நீதிமன்றத்தை நாடலாம் என்று பல உயர் நீதிமன்றங்கள் துணிந்து கூறியிருந்தன. ஜபல்பூர் வழக்கு எனப்படும் வழக்கில், 1976 ஏப்ரல் 28ஆம் நாள், நாட முடியாது என்று நான்கு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். விசாரணையின்போது நீதிபதி எச்.ஆர். கன்னா அரசுத் தலைமை வழக்கறிஞரிடம் ஒரு கேள்வி கேட்டார். காவலர் ஒருவர் சொந்தப் பகையால் ஒருவனைக் கொன்றுவிட்டால் அதற்கும் பரிகாரம் கிடையாதா என்பதே அக்கேள்வி. நெருக்கடி நிலை உள்ளவரை கிடையாது என்பதே விடையாக வந்தது. ஐவருள் கன்னா ஒருவரே மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். மறு ஆண்டில் தலைமை நீதிபதிப் பதவி, பணி மூப்பில் அவருக்குப் பின் இருந்தவருக்குச் சென்றது. கன்னா பதவி விலகினார்.

ஏட்டில் மீட்சி, வகுப்பில் மௌனம்

ஏட்டளவில் நம் நாடு விரைந்து மீண்டது எனலாம். 1977 மே மாதம் நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் ஆணையம் அமைந்து மூன்று அறிக்கைகள் தந்தது. சென்னைச் சிறை நிகழ்ச்சிகளை நீதிபதி எம்.எம். இசுமாயில் விசாரித்தார். கம்பன் புலமைக்காகத் தமிழகம் போற்றிய அப்பெருமகனாரே சிறைச்சுவருக்குள் நடந்த அடிதடியையும் ஆராய்ந்து எழுத வேண்டியிருந்தது. 1978இல் நிறைவேறிய 44ஆவது திருத்தம் உள்நாட்டுக் குழப்பம் என்ற சொற்களை நீக்கி, ஆயுதம் தாங்கிய கிளர்ச்சி என்று மாற்றியது. அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வந்தாலன்றிக் குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலை பிறப்பிக்கலாகாது என்றது. 20, 21ஆம் பிரிவுகளை எந்நிலையிலும் நிறுத்திவைக்க இயலாது என்றும் வகுத்தது. ஜபல்பூர்த் தீர்ப்பினை 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு வெளிப்படையாகவே தள்ளியது. அன்று பெரும்பான்மைத் தீர்ப்பெழுதிய நால்வருள் ஒருவரின் மகன், 41 ஆண்டுகளுக்குப் பின் அதைத் தவறென்று எழுதிய நீதிபதிகளுள் ஒருவராக இருந்தார்.

1993இல் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மனித உரிமை அறிவினை மக்களிடையே பரப்புவதும் ஆணையத்தின் கடமை என்று அச்சட்டம் கூறுகிறது. தமிழ்நாட்டின் மாநில ஆணையம் 1997இல் அமைந்தது. அதே ஆண்டில் மதுரையிலிருந்து மக்கள் கண்காணிப்பகம் என்னும் அமைப்பு பள்ளிகளில் மனித உரிமைக் கல்வியைத் தொடங்கியது. கல்லூரிகளிலும் மனித உரிமை ஒரு தாளாக இடம் பெற்றது.

சட்டம் திருந்தியது, தீர்ப்புத் திருந்தியது, பாடத்திட்டமும் வந்தது. ஆயினும் வகுப்பறையில் என்ன நடந்தது? 1948 டிசம்பர் 10, முப்பது பிரிவுகள், ஆறு உரிமைகள் என்று மாணவர்கள் மனப்பாடம் செய்தனர். நானும் அவ்வாறே நடத்தினேன். உரிமைகள் யாவை என்று சொன்னேன். அவை ஓர் இரவில் பறிபோனபோது நம்மைப் போன்ற ஆசிரியர், எழுத்தர், காவலர், நீதிபதி என்ன செய்துகொண்டிருந்தனர் என்பதைச் சொல்லவில்லை. அதைச் சொல்லாத பாடம், திருடன் போன வழியைக் காட்டாமல் புதுப் பூட்டை மட்டும் காட்டுவது போன்றதாகும்.

பிற நாடுகளின் பட்டறிவு

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. ஜெர்மனியில் 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது அங்கே அழகானதோர் அரசியலமைப்பு இருந்தது. நெருக்கடிக் காலத்தில் உரிமைகளை நிறுத்திவைக்க அதில் வழியும் இருந்தது. அதனைப் பயன்படுத்தியே உரிமைகள் அழிக்கப்பட்டன. நம் அரசியலமைப்பின் நெருக்கடி நிலைப் பகுதிக்கும் அதுவே முன்மாதிரி என்பர். அரசியல் நிர்ணய சபையில் 1949இலேயே எச்.வி. காமத் இதனைச் சுட்டி எச்சரித்தார்.

போருக்குப் பின் மேற்கு ஜெர்மனி 1952இல் அரசியற் கல்விக்கென ஒரு நடுவண் நிறுவனத்தைத் தோற்றுவித்தது. ஆயினும் எவ்வாறு கற்பிப்பது என்பதில் கல்வியாளரிடையே பெரும் பூசல் நிலவியது. 1976இல் பாய்ட்டல்ஸ்பாக் என்ற சிற்றூரில் கூடி மூன்று நெறிகளை அவர்கள் கண்டனர். ஒன்று, ஆசிரியன் தன் கருத்தை மாணவன்மேல் திணிக்கலாகாது. இரண்டு, அறிஞரிடையே வழக்கிலுள்ள கருத்து வேறுபாடு வகுப்பிலும் வேறுபாடாகவே காட்டப்பட வேண்டும். மூன்று, தன் நிலையைத் தானே ஆராய்ந்து முடிவு செய்யும் ஆற்றலை மாணவன் பெற வேண்டும்.

இரண்டாவது நெறி நமக்கும் பொருந்தும். நெருக்கடிக் காலத்தில் புகைவண்டிகள் நேரத்துக்கு ஓடின, பதுக்கல் குறைந்தது, அலுவலகங்களில் ஒழுங்கு வந்தது என்று கூறுவோர் இன்றும் உளர். அவர்கள் கருத்தையும் வகுப்பில் வைத்தே ஆக வேண்டும். வைத்த பின், அந்த ஒழுங்குக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்று மாணவர்களே கணக்குப் பார்க்கட்டும்.

அர்ஜென்டினாவின் பட்டறிவு இன்னும் கொடியது. 1976 மார்ச் 24 முதல் 1983 டிசம்பர் வரை அங்கே படைத்தலைவர் ஆட்சி நடந்தது. லா பிளாட்டா நகரில் 1976 செப்டம்பரில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வீடுகளிலிருந்து கடத்தப்பட்டனர். அவர்களுட் பலர் மீளவே இல்லை. மக்களாட்சி திரும்பியதும், எழுத்தாளர் எர்னஸ்டோ சபாட்டோ தலைமையில் அமைந்த ஆணையம் காணாமற் போனோர் 8,960 பேரின் விவரங்களைத் திரட்டி 1984இல் வெளியிட்டது. தலைநகரில் கடற்படைப் பயிற்சிப் பள்ளி ஒன்று வதைமுகாமாக இருந்தது. ஒரு கல்விக்கூடமே வதைக்கூடமான அவ்விடத்தை 2004இல் நினைவிடமாக்க முடிவு செய்தனர். அந்தக் கட்டடத்தை அவர்கள் இடித்து மறைக்கவில்லை. மாணவர்களை உள்ளே அழைத்துச் சென்று காட்டுகின்றனர். என் ஆசிரியர் செய்யத் தவறியதாகத் தாமே சொன்னதும் இதுதான்.

மாணவி கேட்ட கேள்வி

இனி என் கதைக்கு வருகிறேன். பணி ஓய்வுக்குச் சில ஆண்டுகள் முன்பு இளங்கலை வகுப்பில் ஜபல்பூர் வழக்கை விளக்கிக்கொண்டிருந்தேன். காரணம் சொல்லாமல் ஒருவனைத் தண்டிப்பதே கொடுங்கோன்மையின் முதற்படி என்று சற்று உரக்கவே கூறினேன். பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

“ஐயா, ஒன்று கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே?”

“கேளம்மா” என்றேன்.

“போன வாரம் அகமதிப்பீட்டில் மதிப்பெண் ஏன் குறைந்தது என்று கேட்டவனை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தீர்கள். அவனுக்கு இதுவரை காரணம் சொல்லவில்லையே ஐயா?”

வகுப்பில் ஒரே அமைதி. என்னிடம் விடையில்லை. நல்ல வேளையாக மணி அடித்தது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. முதலில் சினமே மிகுந்தது; அவளைத் துறைத்தலைவர் முன் நிறுத்தலாமா என்றுகூட நினைத்தேன் என்பதை ஒளிக்கப் போவதில்லை. விடியற்காலையில்தான் திருமண வீட்டு வெற்றிலைத் தட்டும், “பயம் போன பிறகும்” என்ற சொற்களும் நினைவுக்கு வந்தன. என் ஆசிரியருக்கேனும் வேலை போய்விடும் என்ற அச்சம் இருந்தது. எனக்கு என்ன அச்சம்? மதிப்பெண் ஏட்டைக் கையில் வைத்திருப்பவன் என்ற செருக்கைத் தவிர வேறில்லை.

மறுநாள் வகுப்பில் அந்த மாணவனை எழுப்பி, நான் செய்தது தவறு என்று கூறினேன். அகமதிப்பீட்டு மதிப்பெண் எதெதற்கு எவ்வளவு என்பதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். கூட்டிப் பார்த்ததில் அவனுக்கு இரண்டு மதிப்பெண் கூடுதலாக வர வேண்டியிருந்தது, திருத்தினேன். பிறகு 1976இல் திருப்பப்பட்ட பக்கத்தின் கதையை அவர்களுக்கு முதன்முறையாகச் சொன்னேன். அன்று நடந்த வகுப்பைப் போல் என் பணிக்காலத்தில் வேறொரு வகுப்பு நடந்ததில்லை. மாணவர்கள் கேள்வி கேட்டார்கள். வீட்டில் பாட்டன் பாட்டியிடம் கேட்டு வந்து சொன்னார்கள்.

ஐக்கிய நாடுகள் அவை 2011இல் வெளியிட்ட மனித உரிமைக் கல்விப் பிரகடனம் மூன்று கூறுகளைச் சொல்கிறது. உரிமைகளைப் பற்றிக் கற்பித்தல், உரிமைகளை மதிக்கும் முறையில் கற்பித்தல், உரிமைகளைப் பயன்படுத்தவும் காக்கவும் ஆற்றல் தருதல் என்பன அவை. நடுவிலுள்ளதை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் பல ஆண்டுகள் நான் நடத்திக்கொண்டிருந்தேன் என்பதை அம்மாணவி உணர்த்தினாள்.

கல்லில் உள்ளதும் இல்லாததும்

அதன் பிறகு மாணவர்களை ஆண்டுதோறும் இரண்டு இடங்களுக்கு அழைத்துச் சென்றேன். ஒன்று என் ஊர். பல்லவ மகேந்திரவர்மன் பகைவரை வென்ற இடமென்று காசக்குடிச் செப்பேடு கூறுவது இப்புள்ளலூரே. 1780 செப்டம்பர் 10ஆம் நாள் கர்னல் பெய்லியின் கும்பெனிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் முறியடித்ததும் இங்கேதான். மறு ஆண்டும் இங்கே போர் நடந்தது. அப்போரில் இறந்த வெள்ளை அதிகாரிகளின் நினைவாக இரண்டு தூண்கள் நிற்கின்றன. “இங்கே யார் பெயர் இருக்கிறது? யார் பெயர் இல்லை?” என்று மட்டும் கேட்பேன். அப்போர்களில் பயிரும் உயிரும் இழந்த குடியானவர்க்கு ஒரு கல்லும் இல்லை என்பதை மாணவர்களே கண்டு சொல்வர்.

மற்றொன்று உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறித்த குடவோலைக் கல்வெட்டுகளை அங்கே காணலாம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரும், அவன் உறவினர் பெயரும் குடத்தில் இடப்படலாகா என்ற விதியைப் படித்ததும் மாணவர்கள் மகிழ்ச்சியால் ஆரவாரம் செய்வர். ஓராண்டில் ஒரு மாணவன், “ஐயா, இந்தக் குடத்தில் என் பாட்டன் பெயரைப் போட்டிருப்பார்களா?” என்று கேட்டான். கால்வேலி நிலமும், சொந்த மனையும், வேதக் கல்வியும் வேண்டும் என்ற விதிகளைக் காட்டி, போட்டிருக்க மாட்டார்கள் என்று சொன்னேன். பெண்களுக்கும் இடமில்லை என்பதையும் சொன்னேன். பெருமையை மட்டும் சொல்லி அவனை அனுப்பியிருந்தால் அதுவும் ஒரு பக்கத்தைத் திருப்பியதாகவே முடிந்திருக்கும்.

முடிவுரை

கொடுங்கோன்மை என்ற பெயரிலேயே ஓர் அதிகாரம் வகுத்தார் வள்ளுவர். அதற்கு அடுத்து அவர் வைத்தது வெருவந்த செய்யாமை, அதாவது குடிகள் அஞ்சத்தக்கவற்றைச் செய்யாதிருத்தல். கொடுங்கோலன் போன பின்னும் அச்சம் வகுப்பறையில், அலுவலகத்தில், வீட்டில் தங்கிவிடும். அதை வெளியேற்றுவதே உரிமைக் கல்வியின் முதற்பணி. அதற்கு ஆசிரியன் தான் அஞ்சிய நாளையும், பிறரை அஞ்ச வைத்த நாளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மாணவ நண்பர்களே! உங்களுள் பலர் நாளை ஆசிரியராவீர்கள். காவல்துறையிலும் வருவாய்த்துறையிலும் அமர்வீர்கள். பக்கத்தைத் திருப்பு என்று உங்களிடம் சொல்லப்படும் நாள் வரலாம். அன்று துணிவு வந்தால் அப்பக்கத்தைப் படியுங்கள். துணிவு வரவில்லையெனில் உங்களை நான் பழிக்க மாட்டேன். ஆனால் அந்தப் பக்கத்தின் எண்ணைக் குறித்து வையுங்கள். காலம் மாறிய பிறகு, முதல் வகுப்பிலேயே அதைத் திறந்து, அன்று ஏன் திருப்பினோம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். என் ஆசிரியர் இருபது ஆண்டுகள் கழித்தேனும் சொன்னார். அதனால்தான் இக்கட்டுரையை எழுத எனக்கு இயன்றது.